ஐம்பத்தாறு கிலோ

எங்கள் பூத் போர்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். கோம்பையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. மஞ்சள் தகரம், சிவப்பு எழுத்து. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 56 கிலோ வேகத்தில் இன்டர்நெட்.

சித்தப்பா சீட்டில் 56 K என்றுதான் எழுதிக் கொடுத்தார். போர்டு எழுதுகிறவர் உரக்கடைக்கும் திராட்சை லாரிக்கும் எழுதுகிறவர். அவருக்கு K மட்டும் நிற்பது பிடிக்கவில்லை.

"அண்ணே, கே-ன்னா என்ன?"

"கிலோ" என்றார் அப்பா.

எழுதிவிட்டார். அதன் பிறகு போன் பேச வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

"கிலோ என்ன வெலண்ணே?"

"காயா, பழமா?"

"அரைக்கிலோ போடுங்க. வீட்ல பிள்ளைக்குக் காச்சல்."

அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் போர்டை மாற்றவில்லை. அவருக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கமில்லை. என் வயது ஆட்களுக்குப் புரிந்தால் போதும்.

அப்பா பூத் வைப்பதற்கு முன் திராட்சைக் கொட்டகையில் எடை போட்டார். பதினெட்டு வருடம். பெட்டியைத் தூக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். முதுகு போன பிறகுதான் பூத். அதனால் அவருக்குக் கிலோ என்றால் கிலோ. அதில் பேச்சே கிடையாது.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகாதவர். தேனியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார். கம்ப்யூட்டரும், அதைப் போன் லைனில் கோர்க்கிற மோடமும் வந்த பிறகு அவர் பொறுப்பு. முதலில் வந்தது பழைய மோடம். பதினாலு புள்ளி நாலு. அதை எடுத்துவிட்டு ஐம்பத்தாறு வாங்கினோம்.

மோடம் பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு. முன்பக்கம் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். வேலை செய்தால் சூடாகும். பிளாஸ்டிக் சூடான வாசம் வரும். அந்தச் சத்தம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் டயல் டோன். பிறகு கிளி கத்துகிற மாதிரி. பிறகு தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. கடைசியில் ஓட்டுக் கூரையில் மழை விழுகிற மாதிரி. மழை வந்தால் கனெக்‌ஷன் வந்துவிட்டது. சத்தம் நின்று புள்ளிகள் மினுங்க ஆரம்பிக்கும்.

எங்களுக்கு ஒரே லைன். இன்டர்நெட் ஓடினால் போன் கிடையாது. போன் பேசினால் இன்டர்நெட் கிடையாது. இரண்டாவது லைனுக்கு எழுதிப் போட்டிருந்தோம். வரவில்லை.

நான் அப்போது ஆறாவது முடித்திருந்தேன். கணக்கு மட்டும் நன்றாக வரும். வகுத்தலைத் தாளில்லாமல் போடுவேன். அப்பாவுக்கு அதில் பெருமை. கோடை விடுமுறை முழுக்க என்னைப் பூத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வருகிறவர்கள் முன்னால் கேட்பார்.

"ஆத்தா, பழசு பதினாலு. புதுசு அம்பத்தாறு. எத்தன மடங்கு?"

"நாலு."

"மீதி?"

"இல்ல."

"ஒரு போட்டோ நூத்திப் பன்னெண்டு கிலோ. செகண்டுக்கு அம்பத்தாறு. எத்தன செகண்டு?"

"ரெண்டு. மீதி இல்ல."

"பாத்தீகளா. மீதி இல்லாத கணக்கு தப்பாது."

கொட்டகையில் அவர் அப்படித்தான் சரிபார்ப்பார். பெட்டிகளை எண்ணி, எடையை வகுத்து, மீதி இல்லாமல் வந்தால் சரி. மீதி வந்தால் எவனோ கை வைத்துவிட்டான்.

ஆனால் போட்டோ இரண்டு செகண்டில் வராது. மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. கண் வருவதற்குள் பார்க்க வந்தவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்பா லைன் சரியில்லை என்பார். மழை என்பார். எக்ஸ்சேஞ்சில் ஆள் தூங்குகிறான் என்பார்.

சித்தப்பா மட்டும் முனகுவார்.

"எட்டால வகுக்கணும்ணே."

"எத?"

"அம்பத்தாற. ஏழுதான் வரும்."

"ஏண்டா எட்டு?"

"பாடத்துல அப்பிடித்தான் சொன்னாக."

"பாடத்துல சொன்னாகளாம். அம்பத்தாறு கிலோன்னு போட்டு ஏழு கிலோ குடுக்கான்னா அவன் திருடன். நான் எட போட்டப்ப அப்பிடிக் குடுத்திருந்தா என்னய வண்டியில கட்டி இழுத்திருப்பாக."

"அது அந்தக் கிலோ இல்லண்ணே."

"கிலோவுல என்னடா ரெண்டு கிலோ?"

சித்தப்பா தலையைச் சொறிவார். இன்னொரு நாள் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார்.

"அம்பத்தாறுங்கறது அங்கன இருந்து இங்கன வாரதுக்குத்தாண்ணே. இங்கன இருந்து போறதுக்கு முப்பத்திமூணுதான். நம்ம லைன்ல இருவத்திநாலு போனாலே பெருசு."

அப்பா கடைவாசலுக்கே கேட்கும்படி சிரித்தார். "ஏத்த ஒரு எட, எறக்க ஒரு எடையா? எந்தத் தராசுலலே அப்பிடி?"

நானும் சிரித்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரிகளிடம் பள்ளிப் படிப்பு. மதுரையில் நர்ஸ் படிப்பு. படிப்பு முடித்து வீட்டில் இருந்தாள். துபாய் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். தேறிவிட்டாள். வீட்டில் அதற்கு முன் யாரும் கம்பம் தாண்டி வேலைக்குப் போனதில்லை. அக்கா ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தாள். நீலப் பெட்டி, சக்கரம் வைத்தது. அதை நான் வீட்டுக்குள் உருட்டி விளையாடுவேன். திட்டமாட்டாள்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து ஏஜெண்டு போன் செய்தார். சர்டிபிகேட் நாலும் ஸ்கேன் பண்ணி மெயிலில் வர வேண்டும். பேக்ஸில் முத்திரை தெரியாது. தபாலுக்கு நேரமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு லிஸ்டை மூடிவிடுவார்கள்.

அக்காவும் சித்தப்பாவும் உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு ஸ்டூடியோவில் ஸ்கேனர் இருந்தது. இன்டர்நெட் இல்லை. பிளாப்பியில் போட்டு வாங்கிக்கொண்டு இரண்டரைக்குத் திரும்பி வந்தார்கள். அக்கா பிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

சித்தப்பா அதைப் போட்டுப் பார்த்தார். நாலும் சேர்ந்து ஆயிரத்து நானூறு கே.

"அண்ணே, இப்பவே லைன விட்டுருங்க. நேரமாகும்" என்றார்.

அன்று பூத்தில் கூட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் திராட்சை வியாபாரிகள் கேரளாவுக்குப் பேசி விலை கேட்பார்கள். ஆறேழு பேர் நின்றார்கள். எல்லாரும் கொட்டகைக் காலத்திலிருந்து அப்பாவுக்குப் பழக்கம். அவர்களை நிறுத்தி வைக்க அப்பாவுக்கு மனசில்லை.

"எவ்ளோ நேரமாகும்?"

"சொல்ல முடியாதுண்ணே. நடுவுல அத்துக்கிட்டா திரும்ப மொதல்ல இருந்து போடணும்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, ஆயிரத்து நானூறு கிலோ. செகண்டுக்கு அம்பத்தாறு."

யோசிக்கவே இல்லை.

"இருவத்தஞ்சு செகண்டு."

"மீதி?"

"இல்ல."

"கேட்டியாலே? இருவத்தஞ்சு செகண்டு. இதுக்கு ரெண்டரை மணிநேரம் லைன விட்டுட்டு இவுக எல்லாம் ரோட்ல நிக்கணுமா?"

சித்தப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா சொன்னால் சரி. நான் போட்ட கணக்கும் சரி.

வியாபாரிகள் பேசினார்கள். விலை சொன்னார்கள், திட்டினார்கள், மலையாளத்தில் கெஞ்சினார்கள். மூன்றரை ஆனது. நாலு ஆனது. சித்தப்பா இரண்டு தடவை எழுந்து வந்தார். "முடியட்டும்டா" என்றார் அப்பா. அக்கா கடிகாரத்துக்குக் கீழேயே நின்றாள்.

நாலு நாற்பதுக்கு அப்பா லைனை விட்டார். "போடு" என்றார். இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று தாராளமாகச் சொன்னார்.

முதல் தடவை எங்கேஜ்டு. இரண்டாவது தடவையும் எங்கேஜ்டு. மூன்றாவது தடவை கிளி கத்தியது, மழை வந்தது. திரை மூலையில் வேகம் 24 என்று காட்டியது. மெயில் திறந்தது. சித்தப்பா பைல்களை ஏற்றி அனுப்புகிற பொத்தானை அழுத்தியபோது நாலு நாற்பத்தெட்டு. அக்காதான் நேரத்தைச் சொன்னாள்.

இருபத்தைந்து செகண்டை நான் வாய்க்குள் எண்ணினேன். எண்ணி முடித்தேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. அந்தக் காலத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டாது. உருண்டை சுற்றும், அவ்வளவுதான். மோடத்தில் புள்ளி மினுங்கியது.

"என்னடா ஆச்சு?"

"போய்க்கிட்டு இருக்குண்ணே."

"இருவத்தஞ்சு செகண்டு எப்பவோ ஆச்சே."

"போய்க்கிட்டு இருக்கு. தொடாதீக."

இரண்டு நிமிடம். நாலு நிமிடம். அப்பா எழுந்து நடந்தார். ஒரு வியாபாரி, "என்னண்ணே, தராசு முள்ளு நிக்கலயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

நாலு ஐம்பத்தைந்து. அப்பா கேபினுக்குள் போனார். லைனில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

சித்தப்பா, "அண்ணே!" என்று கத்தினார்.

மோடத்தில் புள்ளிகள் அணைந்தன.

"கரகரங்குது" என்றார் அப்பா கேபினுக்குள்ளிருந்து. "இதுல என்னத்தடா போகும்?"

திரும்பப் போட்டார்கள். எங்கேஜ்டு. திரும்பப் போட்டார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தபோது ஐந்து இருபது. ஏஜெண்டு போனில் மரியாதையாகத்தான் பேசினார். லிஸ்ட் போய்விட்டது, அடுத்தது ஆறு மாசம் கழித்து என்றார்.

அப்பா சித்தப்பாவை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்.

"இருவத்தஞ்சு செகண்டு வேல. ஆறு வயசுப் பிள்ளயும் சொல்லும். அர மணிநேரமா என்னத்தலே நோண்டுன? வேற எதையும் பாத்துக்கிட்டு இருந்தியா?"

நான் ஆறு வயதுப் பிள்ளை இல்லை. பதினொன்று. அது ஞாபகம் இருக்கிறது.

சித்தப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எட்டுண்ணே." அப்பா கை ஓங்கினார். அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை சித்தப்பா குமுளி பஸ் ஏறிவிட்டார். அங்கே ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தார். பிறகு அதையே வாங்கிக்கொண்டார். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். விசேஷத்துக்கு வருவார். அப்பாவிடம் "நல்லாருக்கீகளாண்ணே" என்பார். "இருக்கேன்" என்பார் அப்பா. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஆறு மாசம் அக்கா காத்திருக்கவில்லை. காத்திருக்க விடவில்லை. ஆவணியிலேயே கல்யாணம். மாப்பிள்ளை திராட்சைத் தோட்டக்காரர், நல்ல மனிதர். நீலப் பெட்டியில் சேலைகளை வைத்துக்கொண்டு போனாள். பத்து கிலோமீட்டர்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

பலகாரத்துக்கு அம்மா நிலக்கடலை அளந்தாள். படியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். அம்மா ஆழாக்கை எடுத்தாள். பித்தளை ஆழாக்கு, விளிம்பு நெளிந்தது. அது இப்போது எங்கே போனதென்று தெரியாது. கடலையை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டாள். எட்டு போட்டதும் ஒரு கடலையை எடுத்துத் தரையில் தனியாக வைத்தாள். மறுபடி எட்டு. மறுபடி ஒரு கடலை.

"என்னம்மா அது?"

"எட்டு ஆழாக்கு ஒரு படி. மறந்துருவேன்ல."

நான் பூத்துக்கு ஓடினேன். சித்தப்பாவின் கோர்ஸ் நோட்டு மேஜை டிராயரில் கிடந்தது. முன்பே பார்த்திருக்கிறேன், புரிந்ததில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது. 8 பிட் = 1 பைட். மோடம் வேகம் பிட்டில், பைல் அளவு பைட்டில். கிலோ = 1000.

கிலோ என்றால் ஆயிரம். அவ்வளவுதான். எடை இல்லை. பிட் ஆழாக்கு, பைட் படி. மோடக்காரன் ஐம்பத்தாறாயிரம் ஆழாக்கு என்று சொல்கிறான். பிளாப்பிக்காரன் ஆயிரத்து நானூறு ஆயிரம் படி என்று சொல்கிறான். நான் படியை ஆழாக்கால் வகுத்துவிட்டேன். அதிலும் மீதி வரவில்லை.

ஐம்பத்தாறை எட்டால் வகுத்தேன். ஏழு. ஆயிரத்து நானூறை ஏழால் வகுத்தேன். இருநூறு. இதிலும் மீதி இல்லை. மீதி இல்லாத கணக்கு இரண்டு இருந்தது.

ஆனால் அன்று மூலையில் இருபத்தி நாலுதான் காட்டியது. எட்டால் வகுத்தால் மூன்று. ஆயிரத்து நானூறை மூன்றால் வகுத்தேன். நானூற்று அறுபத்தாறு, மீதி இரண்டு. நோட்டின் ஓரத்தில் சித்தப்பா பென்சிலில் எழுதியிருந்தார், மெயிலில் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று. சாக்கு எடை மாதிரி. அதையும் சேர்த்தேன். பத்து நிமிடம், கொஞ்சம் செகண்டு.

நாலு நாற்பத்தெட்டோடு பத்து நிமிடத்தைக் கூட்டினேன். நாலு ஐம்பத்தெட்டு.

அப்பா ரிசீவரை எடுத்தது நாலு ஐம்பத்தைந்து.

நோட்டை டிராயரில் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகும் சொல்லவில்லை. அப்பா வருகிறவர்களிடம் என் மகள் தாளில்லாமல் வகுப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டாவது முடிந்ததும் கணக்கு வருது, இது போதும் என்று என்னையே பூத்தில் உட்கார வைத்தார். நான் உட்கார்ந்தேன். அதன் பிறகு அப்பா இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். தினமும் பார்த்த முகம். ஒரு நாளும் சொல்லவில்லை. போர்டு வெயிலில் வெளுத்து, கிலோ மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் என் மகள் செல்லைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். வீட்டுக்குப் புதிதாக இன்டர்நெட் வயர் இழுத்திருந்தோம்.

"நூறுன்னு காசு வாங்குறான். டவுன்லோடு போட்டா பன்னெண்டுதான் காட்டுது. ஏமாத்துறான்மா."

"எட்டால வகு" என்றேன்.

வகுத்தாள். பன்னிரண்டரை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா இப்போது ஒரு டாக்டரிடம் ஊசி போடும் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம்தான் வருவாள். வந்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஆழாக்கு, படி, நாலு ஐம்பத்தெட்டு, எல்லாம்.

அக்கா கடைசிக் காய் வரை நறுக்கி முடித்தாள்.

"எத்தன வருசமாத் தெரியும்?"

"ஒன் கல்யாணத்துக்கு முந்துன வாரத்துல இருந்து."

"சித்தப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"எங்கிட்டச் சொல்லி என்ன இருக்கு? அவுகளுக்குப் போடு."

போட்டேன். மணி அடித்தது. எடுத்தார். பின்னால் ஏதோ டிவியில் மலையாளம் ஓடியது.

"சித்தப்பா, அன்னைக்கி எட்டால வகுத்திருக்கணும்."

எந்த நாள் என்று கேட்கவில்லை. டிவியை அமர்த்தினார்.

"ஏன் எட்டுன்னு இப்பத் தெரியுதாக்கும்?"

"எட்டு ஆழாக்கு ஒரு படி. மோடத்துல போட்டுருந்தது ஆழாக்கு. பிளாப்பியில இருந்தது படி."

லைன் போய்விட்டதோ என்று செல்லைப் பார்த்தேன்.

"அட ஆத்தா" என்றார். "இது அன்னைக்கி எனக்குச் சொல்லத் தெரியலயே. பாடத்துல சொன்னாகன்னு சொல்லத்தான் தெரிஞ்சுது. ஆழாக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணன் அந்த நிமிசமே லைன விட்டுருப்பாக. எட போட்ட மனுசன்ல."

"ஆமா."

"அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

சொன்னேன். அந்த ஆவணி என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பக்கத்துல அக்கா இருக்காளா?"

"இருக்கா."

"குடு."

கொடுத்தேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "சித்தப்பா" என்றாள். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கதவு திறந்திருந்தது. பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை சிரித்தாள் போலவும் இருந்தது.

நான் அவரைக்காயை எடுத்து அலசினேன். சுவரில் கடிகாரம் இருந்தது. எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நான் பார்க்கவில்லை.